ஒரு வகுப்பு, ஒரு கைத்தொலைபேசி
இலவச இணையக் கருவிகளும் நமது கற்றலும்

இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் கற்றல் கருவிகளைப் பற்றிப் பேச்செடுத்தால் நம் வீடுகளில் இரண்டு விதமான பதில்கள் வரும். "எல்லாம் ஃபோனிலேயே இருக்கிறதே, அதைப் பார்த்துப் படிக்கலாம்தானே" என்பது ஒன்று. "ஃபோனைக் கையில் கொடுத்தால் பிள்ளை படிப்பை விட்டுவிடும்" என்பது மற்றது. இரண்டும் கைத்தொலைபேசியைப் பற்றிய கருத்துகள். கற்றலைப் பற்றி இரண்டுமே எதுவும் சொல்லவில்லை. ஒரு கருவி திரையில் என்ன காட்டுகிறது என்பது எனக்கு இரண்டாவது கேள்விதான். அந்தக் கருவி மாணவியை என்ன செய்ய வைக்கிறது என்பதே முதலாவது கேள்வி. இந்தக் கட்டுரை முழுவதும் அந்த முதலாவது கேள்வியைப் பற்றியது.

நமது கல்லூரியில் கற்று வெளியேறிய நான், இப்போது கோப்பாயிலுள்ள யாழ்ப்பாணம் தேசிய கல்வியியற் கல்லூரியில் ஆசிரிய பயிலுநராக இருக்கிறேன். கோப்பாய் ஆசிரியர்களை உருவாக்கும் ஊர். புதிதாக ஆசிரியர் பணிக்கு வரவிருப்போர் பயிலும் கல்வியியற் கல்லூரியும், ஏற்கெனவே சேவையில் இருப்போர் பயிற்சி பெறும் ஆசிரியர் கலாசாலையும் இங்கேதான் உள்ளன. மாலை வேளைகளில் விடுதியில் நாங்கள் அதிகம் எழுதுவது பாடத்திட்டக் குறிப்புகளைத்தான். அதில் ஆசிரியர் செயற்பாடு, மாணவர் செயற்பாடு என்று இரண்டு பகுதிகள் இருக்கும். ஓர் இணையக் கருவியை வகுப்புக்குள் கொண்டுபோக நினைக்கும்போதெல்லாம் நான் முதலில் நிரப்பிப் பார்ப்பது இரண்டாவது பகுதியை. அங்கே "மாணவர் பார்ப்பர், கேட்பர்" என்பதற்கு மேல் எழுத ஒன்றும் இல்லை என்றால் அந்தக் கருவி அன்றைய பாடத்துக்குத் தேவையில்லை. நன்றாகப் பேசத் தெரிந்த ஆசிரியை அதைவிட நன்றாகவே சொல்லிவிடுவார்.

கை உயர்த்தாத பிள்ளை

எந்த வகுப்பிலும் கேள்வி கேட்டால் நான்கைந்து கைகள் உயரும். பெரும்பாலும் அதே கைகள். அந்த விடைகளைக் கேட்டுவிட்டு வகுப்பு முழுவதற்கும் விளங்கிவிட்டது என்று பாடம் அடுத்த பக்கத்துக்குப் போய்விடும். மற்றப் பிள்ளைகள் என்ன நினைத்தார்கள் என்பது தவணைப் பரீட்சைத் தாள் வரும்வரை யாருக்கும் தெரியாது. பெண் பிள்ளைகளிடம் இது இன்னும் கூடுதல். விடை தெரிந்திருந்தும் பிழைத்தால் சிரிப்பார்களே என்று வாய் திறக்காதவர்கள் பலர்.

நமது பாடசாலைகளில் மாணவியர் கைத்தொலைபேசி கொண்டுவர முடியாது. அது நல்ல விதிதான். ஆகவே ஒவ்வொருவர் கையிலும் ஒரு கருவி வேண்டும் என்று கேட்கும் வினாவிடை விளையாட்டுகள் நமக்குப் பொருந்தா. கற்பித்தல் பயிற்சிக்குச் சென்றபோது எனக்குக் கைகொடுத்தது 'பிளிக்கர்ஸ்' என்ற செயலி. அதற்கு ஆசிரியையின் ஒரு கைத்தொலைபேசி போதும். பிள்ளைகளுக்குத் தேவை ஆளுக்கொரு கடதாசி அட்டை மட்டுமே.

அட்டைகளை அதன் தளத்திலிருந்து இலவசமாகத் தரவிறக்கி அச்சிட்டுக்கொள்ளலாம். ஒவ்வோர் அட்டையிலும் கறுப்பு வெள்ளைச் சதுரங்களாலான ஓர் உருவம் இருக்கும். ஒன்றைப் போல மற்றது இராது. உருவத்தின் நான்கு பக்கங்களிலும் ஏ, பி, சி, டி என்ற எழுத்துகள் மிகச் சிறிதாக அச்சிடப்பட்டிருக்கும். தான் தெரிவுசெய்த விடையின் எழுத்து மேலே வரும்படி அட்டையைத் திருப்பிப் பிடிக்க வேண்டும். எழுத்து சிறியது, உருவங்களும் வெவ்வேறு என்பதால் பக்கத்திலிருப்பவள் பார்த்து எழுத வழியில்லை. ஆசிரியை கைத்தொலைபேசியின் கமராவை வகுப்பின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு மெதுவாகக் கொண்டுபோனால் போதும். எந்த அட்டை எந்த விடையைக் காட்டுகிறது என்பது சில விநாடிகளில் திரையில் வந்துவிடும்.

நான் கேட்ட கேள்வி இலக்கணப் பாடத்துக்குரியது. கரும்பலகையில் இப்படி எழுதினேன்:

மரம் + கிளை = மரக்கிளை. இங்கே நிகழ்ந்திருப்பது எது?
ஏ - தோன்றல்
பி - திரிதல்
சி - கெடுதல்
டி - கெடுதலும் தோன்றலும்

வகுப்பில் 32 பேர். பாதிக்கு மேற்பட்டோரின் விடை 'பி'. அவர்கள் நினைத்தது எளிதில் விளங்கக்கூடியதே: முன்னே 'ம்' இருந்தது, இப்போது அந்த இடத்தில் 'க்' இருக்கிறது, ஆகவே 'ம்' என்பது 'க்' ஆகத் திரிந்துவிட்டது. பார்வைக்கு அப்படித்தான் தெரியும். உண்மையில் நடந்தவை இரண்டு. மகர ஒற்று முதலில் கெட்டு 'மர' என்று உயிரீறாகிறது. அதன் பின் வல்லினம் வருவதால் 'க்' புதிதாகத் தோன்றுகிறது.

இதை நான் உடனே சொல்லவில்லை. சரியான விடை எது என்பதையும் காட்டவில்லை. "பக்கத்திலிருப்பவளின் விடை வேறாக இருந்தால், உன் விடை ஏன் சரி என்று அவளுக்குச் சொல்லு" என்று மட்டும் சொன்னேன். பிறகு கரும்பலகையில் இன்னொரு வரி எழுதினேன்: மரம் + வேர் = மரவேர்.

மூன்றாவது வரிசையில் யன்னலோரமாக இருந்த ஒரு பிள்ளை அந்தத் தவணையில் ஒரு தடவையேனும் கை உயர்த்தியதை நான் பார்த்ததில்லை. அவளுடைய அட்டை முதற்சுற்றிலேயே 'டி'யைக் காட்டியிருந்தது. அது எனக்கு மட்டும்தான் தெரியும். பக்கத்துப் பிள்ளையிடம் அவள் தணிந்த குரலில் கேட்டுக்கொண்டிருந்தாள்: "ம் திரிஞ்சுதான் க் ஆனது எண்டால், மரவேர் எண்டதிலை அந்த ம் என்னவாத் திரிஞ்சது?"

நான் விளக்க நினைத்திருந்ததை விட இது நல்ல விளக்கம். மரவேரில் 'ம்' இருந்த இடத்தில் எதுவுமே இல்லை. ஆகவே 'ம்' கெடுகிறது என்பது அங்கே வெளிப்படையாகத் தெரிகிறது. 'வே' இடையின எழுத்தில் தொடங்குவதால் அங்கே மிகுவதற்கும் ஒன்றுமில்லை. இரண்டாவது தடவை அட்டைகளை உயர்த்தச் சொன்னபோது மிகப் பெரும்பாலானவை 'டி' என்று திரும்பியிருந்தன. அதன் பின் அந்தப் பிள்ளையைப் பெயர் சொல்லி அழைத்து, "நீ சொன்னதை எல்லாருக்கும் சொல்லு" என்றேன். "நானோ ரீச்சர்?" என்று எழுந்தாள். சொன்னாள்.

அந்தப் பாடத்தில் செயலி செய்த வேலை ஒன்றே. யாருக்குத் தெரியும், யார் எங்கே இடறுகிறார்கள் என்பதை அந்தக் கணத்திலேயே எனக்குக் காட்டியது. கற்பித்தது கேள்வி. கற்பித்ததில் பாதிப் பங்கு யன்னலோரத்துப் பிள்ளையுடையது.

இந்த முறை எங்கிருந்து வந்தது?

கேள்வி, வாக்கு, அயலவரோடு கலந்துரையாடல், மீண்டும் வாக்கு என்ற இந்த ஒழுங்கு என்னுடையதல்ல. அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் பௌதிகவியல் கற்பிக்கும் எரிக் மசூர் என்ற பேராசிரியர் 1990களின் தொடக்கத்திலிருந்து இதை நடைமுறைப்படுத்தினார். அவருடைய மாணவர்கள் சூத்திரங்களைப் போட்டுக் கணக்குகளைச் செய்தார்கள். ஆனால் அதே விடயத்தை எளிய சொற்களில், அன்றாட நிகழ்வாகக் கேட்டபோது பலர் தடுமாறினார்கள். விரிவுரையை இன்னும் தெளிவாக்குவதைவிட, மாணவரை மாணவரோடு பேசவைப்பதே பயன் தந்தது. இப்போதுதான் கற்றுத் தெளிந்த ஒருத்திக்குத் தன் தோழி எந்த இடத்தில் குழம்புகிறாள் என்பது நன்றாகத் தெரியும். பல வருடங்களுக்கு முன் கற்றுத் தேர்ந்த ஆசிரியருக்கு அந்தக் குழப்பம் மறந்துபோயிருக்கும்.

இதில் கேள்வியைத் தயாரிப்பதுதான் கடினமான பகுதி. பிழையான விடைகள் ஒவ்வொன்றும் ஒரு குறித்த குழப்பத்தைக் காட்டுவனவாக இருக்க வேண்டும். கணிதத்தில் அரையையும் மூன்றிலொன்றையும் கூட்டச் சொல்லும்போது, தெரிவுகளுள் ஐந்தில் இரண்டு என்பதும் இருக்க வேண்டும். அதைத் தெரிவுசெய்பவள் மேலெண்களையும் கீழெண்களையும் தனித்தனியே கூட்டுகிறாள் என்று உடனே தெரிந்துவிடும். வெறுமனே இடம் நிரப்ப எழுதிய தெரிவுகள் எதையும் சொல்லித்தரா.

இணைய வசதி இல்லாத பாடசாலையிலும் இதைச் செய்யலாம். நான்கு நிறக் கடதாசிகளை ஒவ்வொரு பிள்ளையிடமும் கொடுத்து, எல்லாரும் ஒரே நேரத்தில் ஒன்றை உயர்த்தச் சொன்னால் போதும். பக்கத்தில் பார்க்காமலிருக்கக் கண்களை மூடச் சொல்லலாம்.

முன்னறிந்து சொல்லிப் பின்னர் பார்த்தல்

விஞ்ஞானம், கணிதம் கற்கும் தங்கைமாருக்கு இரண்டு கருவிகளைச் சொல்கிறேன். ஒன்று, அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகம் வழங்கும் 'ஃபெட்' செயல்விளக்கங்கள். பௌதிகவியலில் நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமன் 2002 இல் தொடக்கிவைத்த முயற்சி இது. மின்சுற்று அமைத்தல், விசை, அடர்த்தி, பின்னங்கள் எனப் பல தலைப்புகளில் திரையிலேயே பரிசோதனை செய்து பார்க்கலாம். சிலவற்றுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பும் உண்டு. பலவற்றை ஒரு தடவை தரவிறக்கி வைத்துக்கொண்டால் பிறகு இணையம் இல்லாமலே இயக்கலாம்.

மற்றது 'ஜியோஜிப்ரா'. ஒஸ்திரியா நாட்டில் மார்க்கஸ் ஹோஹன்வார்ட்டர் என்பவர் 2001 இல் தமது பட்டப்படிப்புக்காகத் தொடங்கிய கணித மென்பொருள். ஒரு முக்கோணியை வரைந்து அதன் உச்சியை விரலால் இழுத்துப் பாருங்கள். மூன்று கோணங்களும் மாறிக்கொண்டேயிருக்கும். கூட்டுத்தொகை மட்டும் 180 பாகையாகவே நிற்கும்.

இவற்றைப் பயன்படுத்தும்போது ஒரு விதியைக் கைக்கொள்ள வேண்டும். பொத்தானை அழுத்துவதற்கு முன், என்ன நடக்கும் என்று நீங்கள் நினைப்பதைக் கொப்பியில் எழுதுங்கள். "இரண்டாவது மின்குமிழைத் தொடராக இணைத்தால் முதலாவதன் ஒளி குறையும்" என்று எழுதிவிட்டுப் பிறகு இணைத்துப் பாருங்கள். எழுதியது சரியானால் மகிழ்ச்சி. பிழைத்தால் அங்கேதான் பாடம் தொடங்குகிறது. எழுதாமல் பார்த்தால் நடப்பதெல்லாம் "இது எனக்கு முன்பே தெரியும்" என்பது போலவே தோன்றும்.

நம்மவர் உருவாக்கிய நூலகம்

இலவசக் கருவி என்றால் வெளிநாட்டிலிருந்து வருவது என்று எண்ணிவிடக் கூடாது. நான் அதிகம் பயன்படுத்துவது ஈழத்தவர் உருவாக்கிய ஒன்றை. கோப்பாயிலிருந்து சிறிது தூரத்திலுள்ள யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981 இல் ஓர் இரவு எரியூட்டப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏட்டுச்சுவடிகளும் அழிந்தன. அவற்றுள் வேறெங்கும் பிரதி இல்லாதவையும் இருந்தன. ஒரேயொரு இடத்தில் மட்டும் வைத்திருக்கும் அறிவு ஓர் இரவில் போய்விடலாம் என்பது அன்று நாம் கண்ட உண்மை.

2005 இல் தன்னார்வலர்கள் சிலர் 'நூலகம்' என்ற எண்ணிம நூலகத்தைத் தொடங்கினார்கள். இலங்கைத் தமிழ் பேசும் மக்களின் நூல்கள், சஞ்சிகைகள், பத்திரிகைகள், நினைவு மலர்கள் ஆகியவற்றைப் பக்கம் பக்கமாக வருடி இணையத்தில் இலவசமாக வைத்தார்கள். நமது கல்லூரிச் சஞ்சிகை போன்ற பாடசாலை மலர்களும் அங்கே உண்டு. முஸ்லிம் எழுத்தாளர்களின் ஆக்கங்களும் உண்டு.

இதை வகுப்பில் எப்படிப் பயன்படுத்துவது? ஓர் உதாரணம். 'சித்திலெவ்வை' என்று தேடிப் பாருங்கள். கண்டியில் வாழ்ந்த அறிஞர் எம். சி. சித்திலெவ்வை 1882 இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கியவர். 1885 இல் வெளிவந்த 'அசன்பே சரித்திரம்' தமிழில் எழுந்த முதல் நாவல்களுள் ஒன்று. நம் சமூகத்தில் பெண் பிள்ளைகளும் கற்க வேண்டும் என்று அந்தக் காலத்திலேயே வலியுறுத்தியவர். அவரைப் பற்றி வெவ்வேறு ஆண்டுகளில் எழுதப்பட்ட மூன்று கட்டுரைகளை ஒரு குழு எடுக்கட்டும். யார் எழுதியது, எப்போது எழுதியது, எந்தத் தகவலில் மூன்றும் ஒத்துப்போகின்றன, எதில் வேறுபடுகின்றன என்று ஒரு பக்கத்தில் குறிக்கட்டும். பாடநூலின் ஒரு பந்தியை மனனம் செய்வதற்கும் இதற்கும் உள்ள வேறுபாடு செய்து பார்த்தால் தெரியும்.

அடுத்த படி தமிழ் விக்கிப்பீடியா. 2003 இல் தொடங்கிய அதனை ஆரம்ப நாட்களிலிருந்து கட்டியெழுப்பியவர்களுள் முதன்மையானவர் யாழ்ப்பாணத்தவரான இ. மயூரநாதன். இன்று அதில் 150,000 இற்கும் மேற்பட்ட கட்டுரைகள் உள்ளன. எழுதியவர்கள் எல்லாரும் சம்பளம் பெறாத சாதாரண வாசகர்கள். ஆகவே அதில் பிழைகளும் இருக்கும். பிழையைக் கண்டால் திருத்தும் உரிமையும் நமக்கு உண்டு. தங்கள் ஊரின் குளத்தைப் பற்றியோ பழைய பாடசாலையைப் பற்றியோ ஒரு வகுப்பு ஐந்து வரிகள் சேர்க்க முயன்றால், ஒவ்வொரு வரிக்கும் ஆதாரம் காட்ட வேண்டியிருக்கும். "எல்லாரும் சொல்கிறார்கள்" என்பது ஆதாரமல்ல என்று பிள்ளைகள் அப்போது தாமாகவே கண்டுகொள்வார்கள். இணைய வசதி குறைந்த இடங்களில் 'கிவிக்ஸ்' என்ற இலவச மென்பொருள் மூலம் தமிழ் விக்கிப்பீடியாவை ஒரு கணினியில் ஒரு தடவை இறக்கி வைத்து, பிறகு இணையமின்றியே வாசிக்கலாம்.

இலவசத்தின் விலை

பெற்றோரிடம் சில விடயங்களை மறைக்காமல் சொல்ல வேண்டும். இலவசம் என்று சொல்லப்படும் கருவிக்கும் நாம் மூன்று விதங்களில் விலை கொடுக்கிறோம்.

முதலாவது, டேட்டா. 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபோது இதை எல்லாரும் அனுபவித்தோம். சிக்னல் தேடி மரத்திலும் பாறையிலும் ஏறிய பிள்ளைகளின் படங்கள் பத்திரிகைகளில் வந்தன. வீட்டில் ஒரேயொரு கைத்தொலைபேசி இருந்தால் அது யாருக்கு முதலில் என்ற கேள்வியும் எழுந்தது. பல வீடுகளில் ஆண் பிள்ளைக்கு முதலிடம், மிச்ச நேரமும் மிச்ச டேட்டாவும் பெண் பிள்ளைக்கு. உம்மாமாரும் வாப்பாமாரும் இந்த இடத்தில் நேர அட்டவணை ஒன்று போட்டுப் பங்கிட்டுக் கொடுக்க வேண்டும் என்று உரிமையோடு கேட்கிறேன். ஆசிரியர்களும் காணொளிகளை விட, ஒரு தடவை தரவிறக்கக்கூடியவற்றுக்கு முதலிடம் தரலாம். கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் பாடநூல்களும் கல்வி அமைச்சின் 'ஈ-தக்சலாவ' தளத்துப் பாடங்களும் தமிழில் இலவசமாகவே கிடைக்கின்றன.

இரண்டாவது, பிள்ளையின் சொந்த விபரங்கள். பெயர், படம், பிறந்த திகதி, தொலைபேசி இலக்கம் ஆகியவற்றைக் கேட்கும் கருவியைச் சந்தேகத்தோடு பாருங்கள். பல தளங்கள் 13 வயதுக்குக் குறைந்தோர் கணக்குத் தொடங்குவதை அனுமதிப்பதில்லை. பிளிக்கர்ஸில் நான் பிள்ளைகளின் பெயர்களைப் பதியவில்லை. இடாப்பு இலக்கத்தை மட்டுமே பதிந்தேன். பாடம் நடத்த அதுவே போதுமாக இருந்தது.

மூன்றாவது, கவனம். ஒரு பாடத்தைத் தேடப் போய் வேறெங்கோ வந்து நிற்பது எல்லாருக்கும் நடப்பது. அதற்கு மருந்து, தேடத் தொடங்குமுன் கேள்வியைக் கடதாசியில் எழுதி வைப்பதே. விடை கிடைத்ததும் எழுதிவிட்டு எழுந்துவிடலாம்.

இப்போது கேட்டதும் கட்டுரை எழுதித்தரும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகளும் வந்துவிட்டன. அவற்றையும் அதே அளவுகோலால் அளவுங்கள். யார் சிந்தித்தது? செயலி எழுதியதைப் பார்த்தெழுதினால் கை மட்டுமே வேலை செய்தது. நீங்கள் எழுதிய கட்டுரையைக் கொடுத்து, "இதில் எந்த வாதம் பலவீனமானது?" என்று கேட்டு, அது சொல்வது சரியா என்று பாடநூலோடு ஒப்பிட்டால் சிந்தித்தது நீங்கள்.

பெற்றோருக்கு ஒரு கேள்வி, மாணவியருக்கு ஒரு வேலை

பிள்ளை கைத்தொலைபேசியோடு அமர்ந்திருக்கையில், "படிக்கிறாயா?" என்று கேட்டால் "ஓம்" என்ற விடைதான் வரும். அதற்குப் பதிலாக, "என்ன செய்தாய், காட்டு பார்ப்போம்" என்று கேளுங்கள். கொப்பியில் எழுதிய முன்னறிவிப்பு, வரைந்த சுற்று, ஒப்பிட்டுக் குறித்த ஒரு பக்கம், பிழைத்துத் திருத்திய ஒரு கணக்கு என ஏதாவது ஒன்று இருக்க வேண்டும். இருந்தால் அந்த ஒரு மணிநேரம் வீணாகவில்லை. ஒன்றுமில்லை என்றால் அவள் பார்த்தது பாடமாகவே இருந்தாலும் கற்றல் நடக்கவில்லை. இதைக் கேட்பதற்குப் பெற்றோருக்குக் கணினி அறிவு தேவையில்லை. நீர்வேலியில் வாழைத் தோட்டம் செய்யும் தாயாரும் கேட்கலாம், நமதூரில் கடை வைத்திருக்கும் வாப்பாவும் கேட்கலாம்.

தங்கைமாரே, உங்களுக்கு நான் தரும் வேலை சிறியது. இந்த வாரம் உங்கள் பாடங்களில் ஒன்றிலிருந்து ஒரு கேள்வியையும் நான்கு விடைகளையும் தயாரியுங்கள். பிழையான மூன்று விடைகளும், உங்கள் தோழியர் உண்மையாகவே நினைக்கக்கூடியவையாக இருக்கட்டும். அதற்கு முதலில் அவர்கள் எங்கே குழம்புகிறார்கள் என்று நீங்கள் கேட்டறிய வேண்டியிருக்கும். கேள்வியை டீச்சரிடம் கொடுத்து வகுப்பில் கேட்கச் சொல்லுங்கள். அட்டை இருந்தால் அட்டையால், இல்லாவிட்டால் நிறக் கடதாசியால் எல்லாரும் விடை காட்டட்டும். ஒருபோதும் கை உயர்த்தாத பிள்ளையின் கடதாசி எந்த நிறம் என்று அன்று எல்லாரும் பார்க்கலாம்.